இருட்டில் கையசைத்து விளையாடும் திகில் விளையாட்டு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டு முன் ஹோலில் நின்ரெண்டோ வீ என்ற வீடியோ விளையாட்டு மெசின் ஒன்று இருக்கிறது. அதில் நான் திரும்பத் திரும்ப விளையாடுவது, 2009 டிசம்பரில் வெளிவந்த ‘சைலன்ற் ஹில்: ஷாட்டர்ட் மெமரீஸ்’ என்ற உளவியல் திகில் விளையாட்டைத்தான். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் வீடு உறவினரால் நிறைந்துவிடும். கோயிலால் வந்து கால் கழுவிவிட்டு ஹோலுக்குள் நுழைபவர்கள் நான் கையில் ரிமோற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டைத் துழாவுவதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவரவர் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

இது என்ன கேம்? ஆக்களைச் சுடுற கேமோ?

இல்லை. இதில் துப்பாக்கியோ கத்தியோ தடியோ கிடையாது. பனி கொட்டும் இரவொன்றில் ஹரி மேசன் என்பவர் கார் விபத்துக்குப் பிறகு கண்விழிக்கிறார். கூட வந்த மகள் ஷெரிலைக் காணவில்லை. ஒரு ரோச் லைற்றையும் ஒரு கைத்தொலைபேசியையும் வைத்துக்கொண்டு, ஆளரவமற்ற ஊரில் மகளைத் தேடுவதுதான் கதை. இடையிடையே நீங்கள் ஒரு மனநல வைத்தியரின் அறையில், அவருக்கு எதிரே, நோயாளியின் இடத்தில் இருந்து அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும்.

இதை உருவாக்கியது இங்கிலாந்தின் கிளைமாக்ஸ் ஸ்ரூடியோஸ்; வெளியிட்டது ஜப்பானின் கொனாமி. 1999 இல் வந்த முதலாவது சைலன்ற் ஹில் கதையை எடுத்து முற்றிலும் வேறாக எழுதியவர் சாம் பார்லோ. பழையதை விளையாடியிருக்கவேண்டிய அவசியம் இல்லை.

பட்டன் அமத்தாமல் கையை ஆட்டியே விளையாடலாமோ?

இரண்டும் தேவை. இடக்கையில் நன்சக் என்ற சிறிய கருவி. அதில் உள்ள குச்சியைப் பெருவிரலால் தள்ளினால் ஹரி நடப்பார். வலக்கையில் வீ ரிமோற்; அதுதான் ரோச் லைற். நீங்கள் கையைத் திருப்பும் பக்கமெல்லாம் திரையில் வெளிச்சம் திரும்பும். ஹரியின் பார்வையும் அதனோடு போகும். ஒரு பொருளைப் பிடிப்பதற்கு மேலே உள்ள ஏ பொத்தானையும் கீழே உள்ள பி பொத்தானையும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒன்றாக நெரிக்கவேண்டும், ஒரு மணியை இரு விரலால் கிள்ளி எடுப்பதுபோல. தகரப் பேணி ஒன்றை அப்படிப் பிடித்து மணிக்கட்டைக் கவிழ்த்தால், உள்ளே கிடந்த திறப்பு கலகலவென்று விழுகிறது. முதல் முறை அதைச் செய்தபோது நான் என்னையறியாமல் நிலத்தைக் குனிந்து பார்த்தேன்.

நான் எங்க காட்டுறன் எண்டு ரிவிக்கு எப்படித் தெரியுது?

தொலைக்காட்சிக்கு ஒன்றும் தெரியாது. அதன் மேலோ கீழோ வைக்கப்படும் ‘சென்சர் பார்’ என்ற கறுப்புச் சட்டத்துக்கும், பெயர் அப்படி இருந்தாலும், எதையும் உணரும் ஆற்றல் கிடையாது. அதன் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களை வீசும் சிறு விளக்குகள் உள்ளன, அவ்வளவுதான். கண் இருப்பது ரிமோற்றின் முன்முனையில். அங்குள்ள சிறு கமரா அந்த இரு ஒளிப்புள்ளிகளையும் பார்த்து, அவை தன் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதை வைத்துக் கை நோக்கும் திசையைக் கணிக்கிறது. கையைச் சாய்ப்பதையும் உதறுவதையும் ரிமோற்றுக்குள்ளும் நன்சக்குக்குள்ளும் இருக்கும் ஆர்முடுகல்மானிகள் அறிகின்றன.

சட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வீயைப் போட்டுவிட்டு, கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவால் அந்தச் சட்டத்தைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் இடத்தில் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக எரிவது திரையில் தெரியும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் சட்டம் பழுது.

பின்னேரத்தில மட்டும் வெளிச்சம் துள்ளித் துள்ளி ஓடுது. ரிமோற் பழுதாப் போச்சோ?

பெரும்பாலும் பழுது இல்லை. இதே தொல்லை எங்கள் வீட்டிலும் இருந்தது. பகலில் ஒழுங்காக இருக்கும் ரோச் வெளிச்சம், ஆறு மணிக்குப் பிறகு திடீரென்று சுவருக்குத் தாவும்; பிறகு கூரைக்குப் போகும். பற்றறியை மாற்றினேன், ரிமோற்றைத் துடைத்தேன், சென்சர் பாரின் வயரை அசைத்துப் பார்த்தேன். ஒரு கிழமைக்குப் பிறகுதான் கவனித்தேன்: தொலைக்காட்சிக்குப் பக்கத்துத் தட்டில் சாமிப் படங்கள் இருக்கின்றன, அம்மா ஆறு மணிக்கு அங்கே விளக்கேற்றுகிறார். நெருப்புச் சுவாலையும் செங்கீழ்க் கதிர்களை வீசும். ரிமோற்றின் கமரா சட்டத்தின் இரண்டு புள்ளிகளோடு விளக்கின் சுடரையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டு குழம்பியிருக்கிறது. சுடர் காற்றில் ஆட, என் ரோச்சும் ஆடியிருக்கிறது. விளக்கை நகர்த்தச் சொல்ல எனக்கு மனமில்லை. தொலைக்காட்சியைத்தான் எதிர்ச் சுவருக்கு மாற்றினேன்.

மேற்கு யன்னலால் நேரே விழும் வெயிலும் இதே வேலையைச் செய்யும். தொலைக்காட்சிக்குப் பின்னால் யன்னல் இருந்தால் திரைச்சீலை போடுங்கள். சென்சர் பார் உடைந்துபோனவர்கள் அதன் நீளத்துக்கு இடைவெளி விட்டு இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றி வைத்தும் விளையாடலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். துணிகளுக்குக் கிட்ட வைக்காதீர்கள், ஃபானையும் நிறுத்திவிடுங்கள்.

மாமா கனடாவில இருந்து கொண்டு வந்த வீயை இஞ்ச பிளக்கில குத்தலாமோ?

அதனோடு வந்த மின்பெட்டியைக் கொண்டு குத்தவே கூடாது. வட அமெரிக்க வீயின் மின்பெட்டி 120 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது. இங்கே சுவரில் வருவது 230 வோல்ற். கைத்தொலைபேசிச் சார்ஜர்கள் 100 முதல் 240 வரை தாங்குவதால், எல்லாம் அப்படித்தான் என்று நினைத்துச் செருகி, நொடியில் கருகல் மணத்தை முகர்ந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். ஐரோப்பாவுக்கான பெட்டியில் 220 முதல் 240 என்று இருக்கும். லண்டனில் இருந்து வந்ததை இங்கே நேரடியாகவே பாவிக்கலாம். இரு வகைப் பெட்டிகளும் மெசினுக்குக் கொடுப்பது 12 வோல்ற்தான். ஆகவே கனடா வீக்கு 230 வோல்ற் தாங்கும் வீ மின்பெட்டி ஒன்றை வாங்கினால் போதும். மெசினை மாற்றத் தேவையில்லை.

லண்டனில வாங்கின டிஸ்க் கனடா மெசினில ஓடுமோ?

ஓடாது. வீ பிராந்தியப் பூட்டு உள்ளது: ஐரோப்பிய டிஸ்க் ஐரோப்பிய மெசினில், வட அமெரிக்க டிஸ்க் வட அமெரிக்க மெசினில். ஒரு பெரியப்பா லண்டனிலும் ஒரு மாமா ரொறன்ரோவிலும் இருக்கும் வீடுகளில் இந்த ஏமாற்றம் அடிக்கடி நடக்கிறது. மெசின் வந்த நாட்டில் இருப்பவரிடமே டிஸ்க்கையும் கேளுங்கள்.

ரிமோற்றுக்குள்ள ஆரோ கதைக்கினம். அது எப்படி?

ரிமோற்றின் முகத்தில் ஒரு சிறிய ஒலிபெருக்கி உண்டு. ஹரிக்கு அழைப்பு வரும்போது மணி தொலைக்காட்சியில் அல்ல, உங்கள் கையில் அடிக்கும். ரிமோற்றைக் காதில் வைத்தால் மறுமுனையின் குரல் கேட்கும். அந்த ஒலிபெருக்கியின் தரம் குறைவு. ஆனால் கரகரக்கும் ஒரு தொலைபேசிக்கு அந்தக் குறையே பொருத்தமாகிவிடுகிறது. கதையில் சுவரொட்டிகளிலும் பெயர்ப்பலகைகளிலும் தென்படும் இலக்கங்களுக்கும் அழைத்துப் பாருங்கள். பலவற்றில் யாரோ எடுப்பார்கள்.

யாரும் அழைக்காதபோதும் சில இடங்களில் ரிமோற் இரையும். அலைவரிசை தவறிய ரேடியோவின் இரைச்சல் அது. கிட்டப் போனால் கூடும், விலகினால் குறையும். ஆபத்து வருகிறது என்று பயந்து ஓடாதீர்கள். அங்கே முன்பு நடந்த ஏதோ ஒன்றின் சுவடு இருக்கிறது என்பதற்கான அறிகுறிதான் அது. நின்று, இரைச்சல் கூடும் பக்கத்தைத் தேடினால், தொலைபேசிக்கு ஒரு செய்தி வரும், அல்லது அதன் கமராவில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத உருவம் ஒன்று விழும்.

ஆயுதம் இல்லாட்டில் பேயிட்டை இருந்து எப்படித் தப்புறது?

ஓடவேண்டும். ஆனால் எந்நேரமும் அல்ல. ஊர் சாதாரணமாக இருக்கும்வரை எதுவும் உங்களைத் தாக்காது. சுவரும் தெருவும் பனிக்கட்டியாக உறையத் தொடங்கும்போதுதான் அந்த உருவங்கள் வரும். அப்போது நீல ஒளி படர்ந்த கதவுகளையும் மதில்களையும் பார்த்து ஓடுங்கள். கடந்து போகக்கூடிய வழிகள் அவை. தொலைபேசியில் வரைபடம் பார்க்கலாம், ஆனால் பார்க்கும் நேரத்தில் விளையாட்டு நிற்காது. வழியில் கிடைக்கும் தீச்சுடர்க் குழலைக் கொளுத்தினால் சிறிது நேரம் கிட்ட வரமாட்டா.

ஏதாவது ஒன்று உடம்பில் தொற்றிவிட்டால், அது பிடித்திருக்கும் திசைக்கு இரு கைகளையும் ஒன்றாகத் தள்ளவேண்டும்: முன்னால் என்றால் முன்னுக்கு, பின்னால் என்றால் தோளுக்கு மேலாகப் பின்னுக்கு. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பயத்தில் கையைக் கண்டபடி உதறுகிறார்கள். ஆர்முடுகல்மானிக்கு அது எந்தத் திசையும் இல்லாத குலுக்கலாகத்தான் தெரியும். பலம் வேண்டாம். ஒரு கணம் பொறுத்து, எந்தப் பக்கம் என்று பார்த்து, ஒரே தள்ளு. என் மருமகன் மூன்று நாள் உதறிக் களைத்த இடத்தை அவனுடைய தங்கை முதல் நாளே தாண்டியதற்கு இந்தப் பொறுமைதான் காரணம்.

எவ்வளவு இடம் வேணும்? நிண்டு கொண்டோ, இருந்து கொண்டோ?

சென்சர் பாரில் இருந்து ஒன்று முதல் மூன்று மீற்றர் தூரம் நல்லது. கதிரையில் இருந்து விளையாடுவதையே சிபாரிசு செய்கிறேன். எங்கள் ஹோல்களில் ஒரு பக்கம் கண்ணாடி அலுமாரி, மேலே ஃபான், காலடியில் குழந்தைகள். மேலே சொன்ன பின்பக்கத் தள்ளலை நின்றுகொண்டு செய்தால் முழங்கை எதிலாவது படும். மணிக்கட்டுப் பட்டியை மாட்டாமல் தொடங்காதீர்கள். வீ வந்த புதிதில் பட்டி அறுந்து ரிமோற் பறந்த முறைப்பாடுகளால், 2006 டிசம்பரில் நின்ரெண்டோ ஏறத்தாழ 32 இலட்சம் பட்டிகளைத் தடிப்பானவையாக மாற்றித் தர முன்வந்தது. உங்களிடம் இருப்பது மெல்லிய பழைய நூலாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேம் எங்கட மனசை வாசிக்குமாம். உண்மையோ?

தொடக்கத்திலேயே, இந்த விளையாட்டு உங்களை உளவியல் ரீதியாக எடைபோட்டுத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்ற எச்சரிக்கை திரையில் வரும். அதில் உண்மை உண்டு. ஆனால் மாயம் இல்லை. வைத்தியரின் அறையில் நீங்கள் சொல்லும் பதில்கள், வீட்டுப் படத்துக்குத் தீட்டும் நிறங்கள் ஆகியன வெளிப்படையான பகுதி. மறைவான பகுதி ரோச் லைற். எதன்மேல் வெளிச்சத்தை நிறுத்தினீர்கள், எந்தப் படத்தைக் கூடுதல் நேரம் பார்த்தீர்கள், பாதையை விட்டு விலகிப் போனீர்களா என்பவற்றை அது குறித்துக்கொள்கிறது. அதற்கேற்பச் சந்திக்கும் ஆட்களின் உடையும் பேச்சும், துரத்தும் உருவங்களின் தோற்றமும், முடிவும்கூட மாறும்.

இந்தக் கணிப்பு உங்கள் மெசினுக்குள் நடப்பது. அது வைத்தியப் பரிசோதனையும் அல்ல. விளையாட்டு உங்களைப் பற்றிச் சொல்லும் எதையும் ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்ப பொய்ப் பதில் குடுத்து ஏமாத்தலாமோ?

வைத்தியரை ஏமாற்றலாம். கையை ஏமாற்றுவது கடினம். குடிக்கும் பழக்கம் இல்லை என்று பதில் எழுதிவிட்டுப் போத்தல்கள் அடுக்கிய தட்டில் நீண்ட நேரம் வெளிச்சம் பிடித்தால், அதுவும் கணக்கில் சேரலாம். முதல் முறை உண்மையாகவே விளையாடுங்கள். இரண்டாம் முறை வேறொருவராக நடித்துப் பார்ப்பது சுவையானது. வந்து போன ஆட்கள்கூட வேறுபடுவதைக் காண்பீர்கள்.

படத்தில பாக்கேக்க இவ்வளவு பயம் வராது. கையில பிடிச்ச உடனே ஏன் வருது?

என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. படத்தில் எதைப் பார்க்கவேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானித்துவிடுகிறார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டாலும் காட்சி நகரும். இங்கே நீங்கள் கையைத் திருப்பினால்தான் மூலை தெரியும். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கோடு இரவில் கிணற்றடிக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விளக்கு முன்னால் இருந்தால் பின்னால் இருட்டு. சத்தம் கேட்ட பக்கம் விளக்கைத் திருப்பினால், இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் இருட்டாகிவிடும். பொத்தானை அமத்தித் திரும்பும்போது இந்த இழப்பு உறைப்பதில்லை. மணிக்கட்டால் திரும்பும்போது உறைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பயந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் திரையில் வெளிச்சம் நடுங்கும். நடுங்கும் வெளிச்சத்தில் நிழல்கள் அசையும். அசையும் நிழலைக் கண்டு கை மேலும் நடுங்கும். இது விளையாட்டை எழுதியவர் செய்த வித்தையா, உங்கள் உடம்பு செய்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாது. கதவைத் திறக்க வேண்டாம் என்று கை பின்வாங்குவதை நானே பல தடவை உணர்ந்திருக்கிறேன், அந்தக் கதவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்பது நன்றாகத் தெரிந்திருந்தும்.

கரண்ட் போனால் திரும்ப முதலில இருந்தோ?

இல்லை. ஹரியின் தொலைபேசியிலேயே சேமிக்கும் வசதி இருக்கிறது. 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில், நான் அறைக்கு அறை சேமித்துப் பழகினேன். அந்தப் பழக்கத்தை இப்போதும் விடவில்லை. சேமித்துக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் பதிவு பழுதாகலாம் என்பதால், விளக்கு மங்கி மின்னும் இரவுகளில் தொடங்காமல் விடுவது நல்லது.

என்னட்ட பிளேஸ்ரேசன் 2 தான் இருக்கு. அதில விளையாடினால் ஏதும் குறையுமோ?

2010 இல் பிளேஸ்ரேசன் 2 க்கும், பிஎஸ்பி என்ற கையடக்க மெசினுக்கும் வந்தது. கதையும் வைத்தியரும் அதேதான். ரோச்சைக் குச்சியால் திருப்பவேண்டும். தொலைபேசி காதுக்கு வராது. முன்னே சொன்ன நடுக்கம் கிடைக்காது. கதைக்காக மட்டும் என்றால் தாராளமாக விளையாடுங்கள்.

பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?

வட அமெரிக்காவில் இது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென மதிப்பிடப்பட்டது. இரத்தத்துக்காக மட்டுமல்ல, மது, பாலுறவு, குடும்பம் உடைவது பற்றிய பேச்சு நிறைய உண்டு. சின்னப் பிள்ளைகள் ஹோலில் இருக்கும்போது நான் போடுவதில்லை. ரிமோற்றைப் பிடித்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு, வீயோடு வந்த ரெனிஸ் இருக்கிறது.

சண்டைக் காலத்தைக் கண்ட ஆக்கள் இதை விளையாடலாமோ?

விளையாடலாம், ஆனால் தனியாக வேண்டாம். எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். இதில் குண்டும் ஷெல்லும் இல்லை என்பதால் பாதிப்பு வராது என்று நான் தவறாக எண்ணியிருந்தேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே எழுந்து மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிப் பக்கத்தில் என் கை அம்மாவின் கையை விட்டு நழுவியது. எவ்வளவு நேரம் என்று எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு நினைவிருக்கிறது. ஹரி இருட்டுக்குள் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்ததும், பின்னால் கதிரையில் இருந்த அம்மா எழுந்து குசினிக்குப் போய்விட்டார். தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் எதுவும் கழுவப்படவில்லை. நான் நிறுத்திவிட்டேன்.

ஆகவே, பிள்ளையைத் தவறவிட்டவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கும் வீட்டில், சத்தத்தைக் கூட்டி இதை விளையாடாதீர்கள். விளையாடியபின் நித்திரை கெட்டால், நெஞ்சு படபடப்பு நாட்கணக்கில் நீடித்தால், விளையாட்டை நிறுத்திவிட்டு ஒருவரிடம் பேசுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

கடைசியில அந்தப் பிள்ளை கிடைக்குமோ?

சில நாட்களுக்குப் பிறகு இதைக் கேட்டவர் அம்மா. அவருக்கு மட்டும் முழுவதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, இன்னொரு முறை முதலில் இருந்து போடச் சொன்னார். உங்களுக்குச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அந்தக் கடைசிக் காட்சி வைத்தியரின் அறையில் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் வேறு விதமாகப் பார்க்க வைக்கும். விளையாட்டின் மொத்த நேரம் ஆறேழு மணித்தியாலம்தான். முடிந்ததும் பெயர்கள் ஓடத் தொடங்கும்போது மெசினை நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பெயர்களோடுதான் உங்களைப் பற்றி வைத்தியர் எழுதிய குறிப்பும் வருகிறது.